கௌரியைத் தேடினால் அகப்படுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கொக்குவிலில் அந்தியேட்டிக் கல்வெட்டு, அதாவது இறந்தவர் நினைவாக வெளியிடும் சிறுநூல், அச்சிட்டுக் கொடுப்பது என் தொழில். பெயரும் உறவுமுறையும் மரண அறிவித்தலில் உள்ளபடியே வரவேண்டும் என்பார்கள் வீட்டுக்காரர்கள். அதனால் தங்கள் இணையப் பதிப்பில் அடிக்கடி தேடுவேன். கௌரி, சௌந்தரம், கௌசல்யா என்று பெயர் வந்தால் தேடல் பெட்டி கையை விரித்துவிடும். பக்கத்தைத் திறந்து பார்த்தால் பெயர் அங்கேதான் இருக்கும், ஆனால் ‘கௌ’ என்ற ஓரெழுத்துக்குப் பதில் ‘கெ’, ‘ள’ என்று இரண்டெழுத்தாகத் தட்டியிருப்பார்கள்.

‘கௌ’வில் ககரத்துக்கு வலப்பக்கம் நிற்பது ளகரம் அன்று, ளகரத்தின் உருவில் உள்ள ஔகாரக் குறியின் பாதி. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் முறையான யூனிகோட்டில் ளகரத்தின் எண் 2995. முழு ஔகாரக் குறிக்கு 3020. அந்த வலப்பாதிக்கு மட்டும் 3031 என்று தனி எண்ணே கொடுத்திருக்கிறார்கள். அதைத் தனியாக யாரும் தட்டுவதில்லை, அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒற்றைக் கொம்போடு அதைச் சேர்த்தாலும் 3020க்குச் சமம் என்பது யூனிகோட் விதி. கொம்போடு ளகரத்தைச் சேர்த்தால் அந்தச் சலுகை இல்லை, தேடல் பெட்டிக்கு அது வேறு சொல். அகரவரிசையிலும் ‘கெளரி’ கேசவனுக்கு முன்னால் போய் விழுவார். ‘கௌரி’ கோபாலனுக்குப் பின்னால் வரவேண்டியவர்.

தட்டச்சுப் பொறியும் பாமினி எழுத்துருவும் பழக்கியது இது. பாமினியில் ளகரத்துக்கும் ஔகாரத்தின் வலப்பாதிக்கும் ஒரே விசைதான். அதை யூனிகோட்டுக்கு மாற்றும் செயலிகள் சில எல்லாவற்றையும் ளகரமாக்குகின்றன. வேறு சில, கொம்புக்குப் பின் ளகரத்தைக் கண்டாலே ஔகாரமாக்கிவிடுகின்றன. நம் செய்தித் தளங்களில் ‘வௌிநாடு’, ‘தௌிவு’ என்று வருவது அதனால்தான். சில போன்களில் நடுவில் ஒரு புள்ளிவட்டமும் முளைக்கும். பார்க்கவே மனம் பொறுப்பதில்லை.

திருத்துவது பெரிய வேலையில்லை. கொம்பு எழுத்துக்குப் பின்வரும் ளகரத்தில் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அது ளகரமேதான்: வெளி, வெள்ளி, நெளுக்குளம். ஒன்றும் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஔகாரம். சொல்லின் முதலில் ‘ஒள’ என்று வந்தாலும் இப்படித்தான் பார்க்க வேண்டும், ஔவையாரும் ஔடதமும் அதில் மாட்டுப்படுகின்றன. இந்த விதியைக் கணினியில் ஓடவிட்டு, சந்தேகமானவற்றை மட்டும் ஒருவர் கண்ணால் பார்த்தால் போதும்.

அறிவித்தல் பகுதியிலிருந்து தொடங்குங்கள், பழையவற்றையும் விட்டுவிடாதீர்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஔகாரம் வரும் பெயர்களை நான் ஒரு பட்டியலாக எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் அலுவலகத்தில் கொண்டுவந்து தருகிறேன்.

கல்வெட்டு அச்சிடுபவர்,
கொக்குவில்.