பணம் வராததெல்லாம் ஃப்ராடா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பேப்பரின் கன்னியாகுமரி மாவட்டப் பக்கத்தில் 'ஃப்ராடு' இல்லாத நாளே இல்லை போல. சீட்டுப் பணம் வராவிட்டால் ஃப்ராடு, கைமாத்து திரும்பாவிட்டால் ஃப்ராடு, கான்ட்ராக்டர் வீட்டைப் பாதியில் விட்டுப் போனாலும் ஃப்ராடு. டீக்கடையில் ஒருத்தனை ஃப்ராடு பய என்று திட்டுவது வேறு, பேப்பரில் அச்சடிப்பது வேறு, ஏனென்றால் அதைப் படித்துவிட்டுத்தான் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் ஆட்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள்.

1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவைப் பாருங்கள். பொய்யென்று தெரிந்தே உண்மை மாதிரிச் சொல்வது, தெரிந்ததை மூடி மறைப்பது, செய்யும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுப்பது, இதெல்லாம் ஃப்ராடு. சும்மா பேசாமல் இருப்பது பொதுவாக ஆகாது. இதற்குச் சட்டத்திலேயே ஒரு குதிரை வருகிறது, எனக்கு ரொம்பப் பிடித்த குதிரை. அதில் குறை இருப்பது தெரிந்தும் வாயைத் திறக்காமல் ஒருவர் ஏலத்தில் விற்கிறார், ஃப்ராடு இல்லை. ஆனால் வாங்குவது அப்போதுதான் மேஜரான சொந்த மகள் என்றால் அவர் சொல்லியே ஆகவேண்டும். 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லதென்று எடுத்துக்கொள்வேன்' என்று வாங்குபவர் சொல்லி, விற்பவர் கம்மென்று நின்றால் அதுவும் பேசியதற்குச் சமம்.

கிரிமினல் கேஸுக்கு இன்னும் ஒரு படி தாண்டணும். ஏமாற்றும் எண்ணம் பணத்தை வாங்கும்போதே இருந்திருக்க வேண்டும். வருஷக்கணக்கில் ஒழுங்காகச் சீட்டு நடத்திக் கடைசியில் நொடித்துப் போனவரையும், ஓடுவதற்கென்றே சீட்டு ஆரம்பித்தவரையும் நீங்கள் ஒரே தலைப்பில் போடுகிறீர்கள். ஸ்டேஷனில் 'இது சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்புவார்கள், பணம் கொடுத்தவர் விடாமல் எஸ்.பி. ஆபீஸ், கலெக்டர் மனு என்று அலைவார். கடனை வசூலிக்கக் கோர்ட்டில் வழக்குப் போடப் பொதுவாக 3 வருஷம்தான் கெடு, அது அந்த அலைச்சலிலேயே போய்விடும். குழித்துறையிலோ பத்மநாபபுரத்திலோ ஒரு வக்கீலை முதலிலேயே பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும்.

அப்புறம் ஏமாற்றுச் செய்திகளில் நீங்கள் போடும் அந்த 420-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடந்த ஏமாற்றுகளுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவுதான், அதற்கு முன் நடந்ததற்குத்தான் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420. தேதியைப் பார்த்துப் போடலாமே.

உண்மையான ஃப்ராடுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. இல்லாத வேலைக்கு வளைகுடா விசா என்று லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் 1983-ம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், வேலைக்குப் போகிறவரிடம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். அந்தச் செய்திகளின் அடியில் இந்த நாலு வரியையும் சேர்த்துப் போடுங்கள். மற்றதற்கெல்லாம் 'பணம் தரவில்லை என்று புகார்' என்று எழுதினாலே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை