வெறும் டாக்குமென்டேஷன் என்று விட்டுவிடாதே

அன்புள்ள கார்த்திக்கு,

லினக்ஸ் மேன் பேஜுக்கு, அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் கையேட்டுப் பக்கத்துக்கு, நீ அனுப்பிய மாற்றம், அந்த பேட்ச், திருத்தச் சொல்லித் திரும்பி வந்துவிட்டது என்றாய். "விடும்மா, டாக்குமென்டேஷன்தானே, இனிமேல் கோடிங் பக்கமே போயிடறேன்" என்றும் சொன்னாய். காலேஜ் லேப் சர்வர்களோடு மாரடித்தே ரிட்டயர் ஆனவளிடம் போய் இதைச் சொல்லலாமாடா? நெட் போன ராத்திரிகளில் எனக்குப் பக்கத்துணை அந்த மேன் பேஜ்கள்தான்.

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதல் மேனுவல் 1971 நவம்பரில் வந்தது. எழுதினவர்கள் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும், சிஸ்டத்தை உருவாக்கிய அதே ஆட்கள். அதிலேயே 'பக்ஸ்' (பிழைகள்) என்று ஒரு தலைப்பு உண்டு. நம் புரோகிராமில் இன்னது சரியில்லை என்று தாங்களே எழுதிவைத்தார்கள். யூனிக்ஸ் பிறந்த பெல் லேப்ஸில் அவர்களோடு இருந்த டக் மெக்கில்ராய் பின்னாளில் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். புதுப் பதிப்பு தயாராகும் போதெல்லாம், புரோகிராமின் கோணல்களை எழுத்தில் பார்த்ததும் இதைப் போய் அச்சில் போடுவதா என்று தோன்றி, புரோகிராமையே மாற்றுவார்களாம். நீ போக நினைக்கிற கோடிங் பக்கத்துக்கு இதுவும் ஒரு வழிதான்.

லினக்ஸிலும் அதே கதை. மைக்கேல் கெரிஸ்க் 2004-லிருந்து 15 வருஷத்துக்கும் மேல் இந்த மேன் பேஜ்களைப் பார்த்துக்கொண்டார். ஒரு சிஸ்டம் கால், அதாவது புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கிற அழைப்பு, அதைப் பற்றி எழுதுவதற்கு முன் சின்னதாக ஒரு டெஸ்ட் புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்ப்பார். அப்படிப் பார்த்ததில் லினக்ஸின் மையமான அந்தக் கெர்னலிலேயே தப்புகள் அகப்பட்டன.

ஒன்று சொல்கிறேன் கேள். பல நெட்வொர்க் பாக்கெட்டுகளை ஒரே அழைப்பில் வாங்கித் தருகிற சிஸ்டம் கால் ஒன்று இருக்கிறது. எத்தனை பாக்கெட் வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று இரண்டையும் கொடுக்கலாம். ஐந்து விநாடி என்று கொடுத்தால் ஐந்து விநாடியில் திரும்பிவிடும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் வந்து சேர்ந்த பிறகுதான் அது நேரத்தையே பார்க்கும். பத்து பாக்கெட் கேட்டிருக்கிறாய், நேரம் முடிவதற்குள் ஒன்பது வந்துவிட்டது, அப்புறம் ஒன்றுமே வரவில்லை என்று வை. உன் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும், எத்தனை நாளானாலும். பேரைப் பார்த்தோ, அதற்குக் கொடுக்கிற விவரங்களைப் பார்த்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பேஜில் 'பக்ஸ்' தலைப்புக்குக் கீழே யாரோ உட்கார்ந்து நாலு வரி எழுதியதால் நமக்குத் தெரிகிறது.

அதனால்தான் சொல்கிறேன், நீ எழுதுகிற ஒவ்வொரு வரியையும் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுது. இப்போது எல்லோரும் ஏஐ-யிடம் கேட்டு வாங்கி ஒட்டுகிறார்கள். நடை என்னவோ வழுவழுவென்றுதான் இருக்கிறது. அந்த ஐந்து விநாடியை யார் காத்திருந்து பார்த்தது?

உன் பேட்சை நானும் பார்த்தேன். விஷயம் சரி, பேஜை வடிவமைத்துக் காட்டுகிற ராஃப்தான் உன்னை ஏமாற்றியிருக்கிறது. ஒரு வரி புள்ளியில் ஆரம்பித்தால் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். தெரியாத கட்டளையாக இருந்தால் அந்த வரியையே விழுங்கிவிடும். நீ புள்ளியில் தொடங்கும் ஃபைல் பெயரைக் கொண்டுபோய் வரியின் தலையில் வைத்திருக்கிறாய். ஃபைலில் எழுதியிருக்கிறது, பேஜைத் திறந்தால் அந்த வரியைக் காணோம். புள்ளிக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷும் '&' குறியும் போடு, வந்துவிடும். கமாண்ட் ஆப்ஷனில் வரும் மைனஸுக்கு முன்னாலும் பேக்ஸ்லாஷ் வேண்டும். இல்லாவிட்டால் சில இடங்களில் அது ஹைஃபனாக மாறிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, காப்பி பண்ணி டெர்மினலில் போட்டால் ஓடாது. படிக்கிறவன் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்வான், பாவம்.

இன்னொன்று, ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் ஆரம்பி. பிரையன் கெர்னிகன் 1974-லேயே சொன்ன யோசனை இது. நாளைக்கு ஒருத்தர் ஒரு வாக்கியத்தை மாற்றினால், பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுகிற டிஃப்பில் அது மட்டும் தெரியும். நீ பாராவை மொத்தமாக மடக்கி எழுதியதால் ஒரு சொல்லை மாற்றியதற்குப் பாரா முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக வந்திருக்கிறது. பார்க்கிறவருக்கு எரிச்சல் வராதா?

புரோகிராம்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 2017-ல் ஓப்பன் சோர்ஸ்காரர்களிடம் எடுத்த சர்வேயில், டாக்குமென்டேஷன் அரைகுறை, பழசு என்று குறைப்பட்டவர்கள் 93 சதவீதம். பங்களிப்பவர்களிலேயே 60 சதவீதம் பேர் அந்தப் பக்கம் போவதே அபூர்வம், அல்லது போவதே இல்லை. நீ போயிருக்கிறாய். ஒரு தடவை திருப்பிவிட்டார்கள் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதே.

திருத்தி அனுப்பும்போது தலைப்பில் வி2 (இரண்டாம் பதிப்பு) என்று போடு. முதல் தடவைக்கும் இதற்கும் என்ன மாற்றினாய் என்பதை பேட்சில் வரும் அந்த மூன்று கோட்டுக்கு (---) கீழே எழுது, அப்போதுதான் மாற்றத்தோடு நிரந்தரமாகப் பதிவாகிற கமிட் மெசேஜில் ஒட்டிக்கொள்ளாது. இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று உன் பேரோடு உறுதி சொல்கிற சைன்ட்-ஆஃப் வரி விட்டுப் போயிருந்தது, மறக்காமல் சேர். அனுப்புவதற்கு முன் பேஜை ஒரு தடவை 'மேன்' கமாண்டில் திறந்து, முதலிலிருந்து கடைசிவரை படித்துவிடு.

அன்புடன்,
அம்மா