கூடலூரிலேயே பயிற்சி வேண்டும்

ஐயா,

ஆட்டிசம் (பேசிப் பழகுவதைப் பாதிக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு) உள்ள குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் விடாமல் கிடைத்தால்தான் பலன். நீலகிரியில் கூடலூரை அடுத்த பந்தலூர், சேரம்பாடி பக்கத்துத் தோட்டத் தொழிலாளி அதற்காக ஊட்டிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. நடுவட்டம் மலைப்பாதையில் பஸ் ஏறும்போது இரைச்சல் தாங்காத பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறும். "பிள்ளையை அடக்கும்மா" என்று பின்சீட்டிலிருந்து அதட்டல் வரும். அந்தத் தாய் அடுத்த வாரம் எப்படி வருவாள்?

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாதது போன்ற அறிகுறிகள் ஒன்றரை வயதிலேயே தெரியக்கூடும். அங்கன்வாடி ஊழியர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் இதில் நல்ல பயிற்சி கொடுக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் குறைபாடுகள் பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறது, ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறலும் அடங்காத துறுதுறுப்பும் உள்ள நிலை) தனியாக இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் 'சேட்டைக்காரன்' என்ற பட்டமும் அடியும்தான் மிச்சம். இது பெரிய அநியாயம்.

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கிருந்து குழந்தை மனநல மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் வாரத்தில் இரண்டு நாளாவது கூடலூர் அரசு மருத்துவமனைக்கு வர மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான முகாமைப் பந்தலூரிலும் நடத்த வேண்டும்.

- ஒரு வாசகர், பந்தலூர்