மரத்துக்கு வலை வேண்டாம், பழத்துக்கு உறை கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் விவசாயப் பக்கத்தில் அண்மையில் வீட்டு வளவுப் பழமரங்களைப் பற்றி வந்த கட்டுரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கன்று தெரிவு, குழி, பசளை, கொப்பு வெட்டுவது எல்லாம் விளக்கமாக இருந்தது. ஆனால் பழம் முற்றி வரும் நேரம் பறவையும் வௌவாலும் வந்தால் மரத்தை வலையால் மூடச் சொல்லி ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். என்ன வலை, கண் எவ்வளவு, எப்படிக் கட்டுவது, ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வலை என்றால் முல்லைத்தீவுக் கரையில் கழித்துவிட்ட நைலோன் மீன்வலைதான். மலிவு, சும்மாவும் கிடைக்கும், அதனால் இப்போது ஒட்டுசுட்டானில் இருந்து புதுக்குடியிருப்பு வரை எந்த ஒழுங்கைக்குள் போனாலும் ஒரு மாமரமாவது அதைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. தொளதொளவென்று மேலே எறிந்து, கரையை நிலத்தில் தொங்கவிட்டு, அதோடு மறந்துவிடுகிறார்கள். பகலில் பார்த்தாலே அந்த இழை கண்ணுக்குத் தெரியாது, இரவில் பறந்து வரும் வௌவாலுக்கு எப்படித் தெரியும்?

சென்ற ஆனியில் பக்கத்து வளவில் ஒரு சாரைப்பாம்பு அப்படித்தான் கிடந்தது. எலி தேடி வந்தது, தலையை விட்டிருக்கிறது, பாம்பால் பின்னுக்கு வரமுடியாது, ஏனென்றால் செதில்கள் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் இழை அதற்குள் மாட்டிக்கொள்ளும். முன்னுக்குத் தள்ளத் தள்ள வயிற்றில் இறுகி, இழை தோலை வெட்டி, சுற்றிவர எறும்பு. நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டினோம், கடைசி இழை தோலுக்குள்ளேயே போயிருந்தது. பிழைத்ததோ தெரியாது, ஊர்ந்து போனது. அதே வலையில் மேலே இரண்டு கொண்டைக்குருவி காய்ந்துபோய்த் தொங்கின. அந்த வளவில் எலி பிடித்துக்கொண்டிருந்ததே அந்தச் சாரைதான்.

அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ண் இருக்கும் விக்ரோறியா மாநிலத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2021 செப்ரெம்பர் முதலாம் திகதியில் இருந்து வீட்டுப் பழமரத்துக்குப் போடும் வலையின் கண், இழுத்துப் பிடித்தாலும் 5 மில்லிமீற்றருக்கு 5 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. விரல் உள்ளே போனால் அந்த வலை ஆகாது என்று எளிதாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கழித்த மீன்வலையில் என் கை முழுவதும் போகிறது. வலை போட்டே ஆகவேண்டுமென்றால் சின்னக் கண், வெள்ளை நிறம், தடி நட்டு இறுக்கி இழுத்து, அடிமரத்தோடு சேர்த்துக் கட்டி, காலையும் மாலையும் ஒருக்காப் பார்க்கவேண்டும். அவ்வளவு செய்ய முடியாதவர்கள் தயவுசெய்து வலையே போடவேண்டாம்.

சரி, வலை இல்லாமல் என்ன செய்வது? பழத்தை மூடுங்கள், மரத்தை விட்டுவிடுங்கள்.

இது புதிய விசயமும் இல்லை. எங்கள் அம்மம்மா பலாக்காய்க்கு ஓலை பின்னிச் சுற்றிக் கட்டுவா, வாழைக்குலைக்குக் காய்ந்த சருகைப் போர்த்துவா, தேடி வைத்திருந்த அம்பலவி மாங்காய்க்குப் பனங்கட்டிக் குட்டான் மாதிரி ஓலையில் இழைத்து மாட்டுவா. இன்று ஓலை இழைக்க ஆளில்லை, ஆனால் பழைய பத்திரிகை எல்லா வீட்டிலும் இருக்கிறது. (உங்கள் பத்திரிகையும்தான்.) இரண்டு தாளை ஒன்றாக வைத்துப் பையாக ஒட்டி, மாங்காய் கோழிமுட்டை அளவுக்கு வந்து பிஞ்சு கொட்டுவது நின்றபிறகு மாட்டி, காம்பில் வாழைநாரால் கட்டினால் போதும். எங்கள் மாம்பழக் காலம் வைகாசி, ஆனி, மழை இல்லாத காலம், அதனால் கடதாசி தாங்கும். கொய்யாவுக்குத் தேசிக்காய் அளவில் கட்டவேண்டும், மாரியில் காய்ப்பதற்குக் கடதாசி சரிவராது, பழைய சீலைத்துணிப் பைதான் நல்லது. பொலித்தீன் பை என்றால் அடியில் ஓட்டை போடாமல் கட்டவேகூடாது, உள்ளே வேர்த்துப் பழம் அழுகிவிடும். மாதுளைக்கு இன்னும் முந்திக் கட்டவேண்டும், ஏனென்றால் பழம் துளைக்கும் புழுவின் வண்ணத்துப்பூச்சி பூவிலும் பிஞ்சிலுமே முட்டை இட்டுவிடும். பழம் பெருத்தபிறகு பை மாட்டினால் புழுவையும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள்.

பை கட்டுவதில் இன்னொரு பெரிய ஆதாயம் பழ ஈ. வௌவால் தின்றது கண்ணுக்குத் தெரியும், அதனால் எல்லோரும் அதைத் திட்டுகிறார்கள். உண்மையில் எங்கள் வளவில் கூடுதலாகப் பழம் கெடுவது இந்தச் சின்ன ஈயால்தான். தோலுக்குள் ஊசி மாதிரிக் குத்தி முட்டை இடும், வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும், இரண்டொரு நாளில் புழு. பழம் விழுந்ததும் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, கிட்டத்தட்டப் பத்து நாளில் அடுத்த ஈயாக வெளியே வரும். அதனால் விழுந்த பழத்தை மரத்தடியில் விடக்கூடாது, மேலோட்டமாகப் புதைக்கவும் கூடாது. இரண்டடி ஆழம் வெட்டிப் புதையுங்கள், அல்லது கறுப்புப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி ஒரு கிழமை வெய்யிலில் போடுங்கள். மீதைல் யூஜினோல் என்ற வாசனை மருந்து வைத்து ஈயை இழுக்கும் பொறி நல்லதுதான், ஆனால் அதற்கு வருவது ஆண் ஈ மட்டும், முட்டை இடும் பெண் ஈ வராது. பொறியை மட்டும் தொங்கவிட்டுப் பை கட்டாமல் இருந்தால் பலன் பாதிதான். நுளம்புவலைத் துணியில் பை தைப்பவர்கள் பழத்தில் ஒட்டாமல் பெரிதாகத் தையுங்கள், ஒட்டியிருந்தால் துணியினூடாகவே குத்திவிடும்.

அப்புறம் வௌவால், கிளி, அணில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மருந்து, நேரத்துக்குப் பிடுங்குவது. கறுத்தக்கொழும்பான் மாங்காயை மரத்திலேயே பழுக்கவிட வேண்டியதில்லை. காம்படியில் தோள் நிரம்பி, தோலில் சாம்பல் பூத்த மாதிரி வந்ததும் ஒன்றைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், தாழ்ந்தால் முற்றிவிட்டது. கொக்கைத்தடியில் சின்னப் பை கட்டி, நிலத்தில் விழாமல், ஓரங்குலக் காம்போடு எடுத்து, பால் வடியக் கவிழ்த்து வைத்துவிட்டு வைக்கோலுக்குள் அடுக்கினால் ஒரு கிழமைக்குள் பழுத்து வாசம் அறைக்கு வெளியிலும் வரும். பப்பாசி மஞ்சள் கோடு விழுந்ததும் இறக்கலாம். ஆனால் வௌவாலுக்குப் பயந்து முற்றாத காயை வியாபாரிக்கு வித்துவிடுவது வேறு கதை. அந்தக் காய்க்குக் கல்சியம் காபைட் வைத்துத்தான் நிறம் வரவைக்கிறார்கள், அந்தப் பழத்தைப் பிறகு எங்கள் பிள்ளைகளே கடையில் வாங்கித் தின்கிறார்கள். வௌவாலோ அணிலோ கடித்த பழத்தை மட்டும் கடித்த இடத்தை வெட்டிவிட்டுத் தின்னலாம் என்று நினைக்காதீர்கள், முழுதாகப் புதையுங்கள்.

எலிக்கும் மரநாய்க்கும் தகரம். போருக்குப் பிறகு மீளக்குடியேறிய காலத்துக் கொட்டில் தகரம் இன்னும் பல வளவுகளில் சும்மா கிடக்கிறது. இரண்டடி அகலத்தில் வெட்டி, நிலத்தில் இருந்து ஆறடி உயரத்தில் மரத்தைச் சுற்றிக் கட்டினால் ஏறமுடியாது. கூரையிலோ மதிலிலோ அடுத்த மரத்திலோ கொப்பு முட்டிக்கொண்டு நின்றால் தகரம் கட்டியும் பிரயோசனமில்லை, முதலில் அதை வெட்டுங்கள். எலி நஞ்சு வைக்காதீர்கள். நஞ்சு தின்ற எலியைக் கூகை தின்னும், வீட்டுப் பூனை தின்னும். பன்றிக்கென்று வேலிக் கம்பியில் மின்சாரம் கொடுப்பவர்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதில் மனிதர்களே செத்திருக்கிறார்கள்.

குரங்குக்கு இதெல்லாம் போதாது, பையையே பிய்த்துவிடும், அதை மறைக்கமாட்டேன். 2023 இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாக அரசாங்கத்தில் கதைத்தார்கள், 2025 மார்ச் 15 காலை நாடு முழுவதும் ஐந்து நிமிடம் வளவுக்கு வளவு குரங்கு, மயில், மர அணில் எண்ணச் சொன்னார்கள், நாங்களும் எண்ணிக் கொடுத்தோம். எங்கள் வளவுக்கு அதனால் ஒரு மாற்றமும் வரவில்லை. காட்டில் பாலைப்பழமும் வீரைப்பழமும் நன்றாகப் பழுத்த வருடம் குரங்கு குறைவாக வருவதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். விறகுக்கும் மரத்துக்குமாகப் பாலையைத் தறித்துவிட்டு வளவில் நின்று கெட்டப்போல் அடித்து என்ன பயன்? வௌவாலும் அப்படித்தான், குளக்கரை இலுப்பைகளின் விதையைத் தூக்கிப்போய்ப் போடுவது அதுதான்.

2009 க்குப் பிறகு வெறும் நிலத்துக்குத் திரும்பி வந்து, கிணறு இறைத்து, வாளியில் தண்ணீர் தூக்கி வளர்த்த மரங்கள் இவை. பழம் போனால் வயிறு எரியும், எனக்கும் எரியும். அதனால்தான் கேட்கிறேன்: அடுத்த மாம்பழக் காலத்துக்கு முன்னர், மாசி பங்குனியிலாவது, பை செய்யும் விதத்தைப் படத்தோடு அரைப்பக்கம் போடுங்கள். கமநல சேவை நிலையங்களில் உரமும் விதையும் போல இந்தப் பைகளும் விலைக்கு வைக்கவேண்டும் என்று விவசாயத் திணைக்களத்தைக் கேட்டு எழுதுங்கள், பெண்கள் சங்கங்களிடம் தைக்கக் கொடுத்தால் அவர்களுக்கும் நாலு காசு வரும். இப்போதே மரத்தில் மீன்வலை தொங்கவிட்டிருப்பவர்கள், காய் இல்லாத இந்த நேரத்திலாவது ஏறி அதை இறக்கிவிடுங்கள். இறக்கியதை முழுதாகக் குப்பையில் எறியாமல் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள், நிலத்தில் கிடந்தாலும் அது மாட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஒட்டுசுட்டான்.