ரிட்டர்ன் பாலிசி யாருக்காக எழுதப்படுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்லைனில் துணி வாங்கி ஏமாந்தவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாங்குகிறவர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும் என்று முடித்திருந்தீர்கள். சரிதான், ஆனால் விற்கிறவர் பக்கத்தைத் தொடவே இல்லையே. ஈரோட்டுப் பக்கம் சின்னச் சின்ன ஜவுளிக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

நான் பார்த்த பல கடைகளில் ரிட்டர்ன் பாலிசி என்று ஒரு பக்கம் இருப்பதற்குக் காரணமே, அது இல்லாவிட்டால் ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்காரர்கள் கணக்கைத் திறந்துவிட மாட்டார்கள் என்பதுதான். வாடிக்கையாளரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. "ஏனுங்க, அதையெல்லாம் யாரு படிக்கப் போறாங்க, பெரிய கம்பெனிக்காரங்க போட்டிருக்கறதையே எடுத்துப் போட்டு உடுங்க" என்பார்கள் கடைக்காரர்கள். அப்படி எடுத்துப் போட்டதில் வேறு கடையின் பெயரும், 'இங்கே முகவரியை நிரப்பவும்' என்ற வரியும்கூட அப்படியே நிற்கிற பக்கங்கள் உண்டு. இணையதளப் பக்கத்தில் 30 நாளுக்குள் திருப்பலாம் என்று இருக்கும், வாட்ஸ்அப்பில் கேட்டால் 'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' என்று பதில் வரும். இதில் எது செல்லும் என்று கடைக்காரருக்கே தெரியாது.

சட்டம் இதில் அவ்வளவு குழப்பமாக இல்லை. 2020-இல் வந்த மின்வணிக விதிகள்படி, திருப்புவது, பணம் திரும்பத் தருவது, மாற்றித் தருவது பற்றிய விவரங்களை வாங்குமுன்பே தெரியும்படி காட்ட வேண்டும். பொருள் பழுதாகவோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ வந்தால் திரும்ப வாங்க மாட்டேன் என்று சொல்லக் கூடாது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(47) இன்னும் ஒரு படி மேலே போகிறது: பழுதான பொருளைத் திருப்பக் கெடு எதுவும் பில்லில் போடவில்லை என்றால் 30 நாள் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆக, எதுவுமே எழுதாமல் தப்பிக்கலாம் என்று நினைக்கிற கடைக்காரர் தன் தலையிலேயே ஒரு மாதக் கெடுவை ஏற்றிக்கொள்கிறார். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், கலர் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்கெல்லாம் நம் நாட்டில் பொதுவான சட்ட உரிமை இல்லை. பிரிட்டனில் ஆன்லைனில் வாங்கினால் பெரும்பாலான பொருள்களுக்குக் காரணமே சொல்லாமல் ரத்து செய்ய 14 நாள் உண்டு. இங்கே அது கடைக்காரரின் விருப்பம், அதனால்தான் அவர் என்ன தருகிறார் என்பதைப் புரியும்படி எழுதியாக வேண்டும்.

எழுதுவதும் பெரிய வித்தை இல்லை. ஏழு நாள் என்றால் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தா, கடையிலிருந்து கிளம்பிய நாளிலிருந்தா? திருப்பி அனுப்பும் கூரியர் காசு யாருடையது? நம் ஊர்ப் பின்கோடுக்கு ஆள் வந்து எடுத்துப் போவாரா, நாமே போய்ப் போட வேண்டுமா? பணம் வங்கிக்கு வருமா, இல்லை கூப்பன்தானா? கேஷ் ஆன் டெலிவரியில் வாங்கியவருக்கு எப்படித் தருவீர்கள்? ஃபால்ஸ் தைத்த புடவை, வெட்டிய பிளவுஸ் துணி, இவற்றை வாங்க மாட்டீர்கள் என்றால் அதையும் புடவைப் படத்துக்குக் கீழேயே, விலைக்குப் பக்கத்திலேயே, தமிழில் போடுங்கள். புடவையைத் தமிழில் வர்ணித்து விற்றுவிட்டு நிபந்தனையை மட்டும் வக்கீல் இங்கிலீஷில் ஒளித்து வைப்பது என்ன நியாயம்?

அப்புறம் அந்த 'அன்பாக்சிங் வீடியோ'. பார்சலைப் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுத்தால்தான் புகாரையே கேட்போம் என்பது இப்போது இன்ஸ்டாகிராம் கடைகளில் வழக்கமாகிவிட்டது. நல்ல துணியைத் தாங்களே கிழித்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிபந்தனையைப் பார்சலைப் பிரித்த பிறகு வாட்ஸ்அப்பில் சொல்வது மோசடிக்குப் பக்கத்தில் வருகிறது. வேண்டுமானால் பணம் கட்டும் இடத்திலேயே போடுங்கள், பார்சல் மேலும் ஒட்டுங்கள்.

தெளிவாக எழுதினால் தீபாவளிக்குக் கட்டிவிட்டு மறுநாளே திருப்பி அனுப்புவார்கள் என்று கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான், அதற்கு டேக் அறுக்காமல், மடிப்புக் கலையாமல் இருந்தால் மட்டும் வாங்குவோம் என்று ஒரு வரி எழுதினால் போதுமே. அந்த ஒரு வரிக்குச் சோம்பல்பட்டு மொத்தமாகக் கதவைச் சாத்துகிறவர்களிடம்தான் வாட்ஸ்அப்பில் சண்டை அதிகம் நடக்கிறது.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணோடு அந்த 30 நாள் விவரத்தையும் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வாங்குகிறவர்களைவிட விற்கிறவர்களுக்குத்தான் அது புதுச் செய்தியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு