டீ ட்ரீ ஆயிலை அப்படியே பூசச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் முகப்பரு பற்றிய குறிப்பைப் படித்தேன். ‘டீ ட்ரீ ஆயிலைப் பஞ்சில் தொட்டுப் பரு மேல் இரவு முழுக்க வையுங்கள், இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது’ என்று போட்டிருந்தீர்கள். குன்னூரில் 26 வருடமாகத் தைலக்கடை வைத்திருக்கிறேன். மறுநாளே நாலு பேர் அதைக் கேட்டு வந்தார்கள். விற்கிறவனே குறை சொல்கிறானே என்று தோன்றலாம். முகம் வெந்துபோனால் அவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு வரமாட்டார்கள், என் கடைக்குத்தான் வருவார்கள்.

சுற்றுலா வருகிறவர்கள் பலர் எதிரே தெரிகிற தேயிலைத் தோட்டத்தைக் காட்டி, “இதுலேருந்து எடுக்கிறதுதானே?” என்பார்கள். தேயிலைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பக்கம் வளரும் மெலலூக்கா என்ற மரத்தின் இலையில் வடிப்பது. எங்கள் ஊரில் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் அதுவும் ஒரே குடும்பம். கொய்யா, நாவல், கிராம்புகூட அதே குடும்பம்தான். அந்த மண்ணின் பழங்குடிகள் இலையைக் கசக்கிப் புண்ணில் வைப்பார்களாம். ஆனால் ஒரு கை இலையில் இருப்பது சில சொட்டு எண்ணெய்தான். புட்டியில் இருப்பதோ வடித்தெடுத்த சாறு மட்டும். இரண்டையும் ‘இயற்கை’ என்ற ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம்.

குணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1990இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வந்த ஆய்வில், பரு உள்ள 124 பேரில் ஒரு பாதிக்கு இந்த எண்ணெய் கலந்த ஜெல்லும் மறுபாதிக்கு வழக்கமான பரு மருந்தான பென்சாயில் பெராக்சைடும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. இந்த எண்ணெய் மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிச்சல், வறட்சி குறைவு. உங்கள் குறிப்பில் விட்டுப்போனது இதுதான்: அந்த ஜெல்லில் எண்ணெய் 5 சதவீதம். நீங்கள் பூசச் சொன்னது நூறு சதவீதம்.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்குத் தாடையில் பரு. கடை ஷோகேசில் காட்சிக்கு வைத்திருந்த பாதிப் புட்டியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். காலை வெயில் நேரே விழும் இடம் அது. அதை எப்போது திறந்தேன் என்றுகூட நினைவில்லை. முதல் இரண்டு வாரம் பரு அமுங்கியது, அவளுக்கும் சந்தோஷம். மூன்றாவது வாரம் கன்னமெல்லாம் தடித்து, நீர்க்கொப்புளம் வந்து, கண் இமை வீங்கிவிட்டது. கோயம்புத்தூரில் தோல் மருத்துவரிடம் காட்டினோம். அவர் முதலில் கேட்ட கேள்வி: “பாட்டில் எப்போ திறந்தது?” காற்றும் வெளிச்சமும் பட்டால் இந்த எண்ணெய் மெல்ல மாறிப்போகும், அப்படி மாறிய சரக்குதான் தோலை அதிகம் கோபப்படுத்தும் என்றார். பிறகு முதுகில் பட்டை ஒட்டி இரண்டு நாள் வைத்துப் பார்த்தபோது ஒவ்வாமை உறுதியானது. ஒருமுறை வந்தால் பெரும்பாலும் விட்டுப்போகாதாம். இன்றைக்கும் ஷாம்பு, ஃபேஸ்வாஷ் எது வாங்கினாலும் பின்பக்கப் பொடியெழுத்தில் ‘மெலலூக்கா’ இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறாள்.

எங்கள் அப்பா கொட்டகை போட்டு யூகலிப்டஸ் தைலம் காய்ச்சியவர். கையில் தைலம் தெறித்தால் தண்ணீர்க் குழாய்க்கு ஓடமாட்டார். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பார். தைலம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். படிக்காத அவருக்குத் தெரிந்த அந்த விஷயத்தைத் தைலத்திலேயே வளர்ந்த நான் மகளுக்குச் சொல்லாமல் விட்டேன்.

இப்போது கேட்டு வருகிறவர்களிடம் சொல்வது இதுதான். டீஸ்பூன் அளவு வேறொரு எண்ணெய்க்கு இரண்டு மூன்று சொட்டு போதும். முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பொறுங்கள். சிவந்தால் முகத்துக்கு வேண்டாம். பரு நிறைய இருந்தால் எண்ணெய் மேல் எண்ணெய் எதற்கு, மருத்துவரைக் கேட்டு ஜெல்லாகவே வாங்குங்கள் என்பேன் (அன்றைக்கு வியாபாரம் போகும், போகட்டும்). கண் பக்கம் கொண்டுபோகக் கூடாது. குழந்தை கைக்கு எட்டக் கூடாது. குடித்துவிட்டால் தள்ளாட்டமும் மயக்கமும் வரும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எலுமிச்சைப்புல் தைலத்தையும் முகத்துக்குக் கேட்கிறார்கள். மணம் அருமைதான், ஆனால் அதில் பெரும்பங்கு அந்த மணத்தைத் தருகிற சிட்ரால் என்ற பொருள். அப்படியே பூசினால் அதுவும் தோலைப் பதம் பார்க்கும்.

ஷோகேசில் இப்போது வெறும் புட்டிகளைத்தான் அடுக்கியிருக்கிறேன். சரக்கெல்லாம் உள்ளே இருட்டு அலமாரியில். கல்லாப் பக்கத்தில் நூல் கட்டி ஒரு மார்க்கர் தொங்குகிறது. திறக்கிற தேதியைப் புட்டியிலேயே எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன்.

உங்கள் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள். எட்டாம் பக்க மூலையில் வேண்டாம், அதே ஞாயிறு இணைப்பில், அதே இடத்தில்.

இப்படிக்கு,
தைலக்கடைக்காரர் ஒருவர்,
குன்னூர்.