சர்க்கரை வகுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

நம் பகுதியில் சர்க்கரை, பிபி உள்ளவர்களுக்காக நடந்த ஆறு வார வகுப்பு நல்லபடியாக முடிந்தது. வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரம். நடத்துபவர்கள் இருவர், அவர்களில் ஒருவராவது நாள்பட்ட நோயோடு வாழ்பவர். இந்த முறையை அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கேட் லோரிக் குழுவினர் உருவாக்கினார்கள். அதை நம் வீடுகளுக்குப் பொருந்தும்படி ஆக்கித் தந்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி மருந்தாளுநர்களுக்கு. நம் ஊரில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்சுதான் சரி. இந்த மருந்தை ஆரஞ்சு மூடி 100 சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது வெறும் 8 யூனிட். சர்க்கரை இறங்காது, பழி மருந்தின்மேல் விழும். மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தை 40 சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தாலோ 50 யூனிட் போய்விடும். உயிருக்கே ஆபத்து. இரண்டு சிரிஞ்சுகளையும் தண்ணீரையும் கொடுத்து ஒவ்வொருவரையும் இழுத்துப் பார்க்க வைத்தீர்களே, எந்தத் துண்டறிக்கையும் அந்த வேலையைச் செய்யாது. கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை கவிழ்த்து நிமிர்த்தவும் பழக்கினீர்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்துப்போன தோலை விரலால் தடவிக் கண்டுபிடிக்கக் காட்டியதும் நீங்கள்தான். அங்கே போடும் மருந்து ஒழுங்காக உடம்பில் சேராது.

மண்பானை தந்த குயவர் ஐயாவுக்கு நன்றி. பெரிய பானைக்குள் சிறிய பானை, நடுவே ஈர மணல், உள்ளே ஈரம் படாமல் உறையில் குப்பி: ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் வெயில் காலத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஃபிரிட்ஜ் உள்ளவர்கள் ஃபிரீசரில் வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்த மருந்து பயன்படாது.

செருப்புத் தைக்கும் அண்ணன், மெத்தென்ற நுண்துளை ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்புகளுக்குப் பின்வாரும் வைத்துக் கொடுத்தார். பாதம் மரத்தவர்களுக்குச் செருப்பு கழன்றதே தெரியாது என்பதை அவர் யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் அக்காக்கள் 2021 முதல் வீடு வீடாகப் போகிறவர்கள். பிபி பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது என்று அவர்கள் பொறுமையாகத் திருத்தியதால் பலருடைய குறிப்பேடு இப்போது நம்பும்படி இருக்கிறது.

சமையல் பகுதியை நடத்திய சுயஉதவிக் குழுப் பெண்கள் தாழ்சர்க்கரைக்கும் வழி காட்டினார்கள். இரத்தத்தில் சர்க்கரை அளவு 70க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

நோயோடு வாழ்ந்தபடியே வகுப்பெடுத்தவர்களுக்குத் தனி நன்றி. “நடக்கப் போகிறேன்” என்பதை “திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறரைக்கு, இருபது நிமிடம்” என்று மாற்ற வைத்து, “பத்துக்கு எத்தனை நம்பிக்கை?” என்று கேட்டீர்கள். ஏழுக்குக் கீழே சொன்னவரைக் கடிந்துகொள்ளாமல் திட்டத்தைச் சுருக்கிக் கொடுத்தீர்கள்.

அடுத்த வகுப்புக்குப் பெரிய அளவு பிபி கைப்பட்டை ஒன்று தேவை. பருமனான கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். யாரிடமாவது இருந்தால் தந்து உதவுங்கள்.

நன்றியுடன்,
வகுப்புக் குழுவினர்